காசு வேண்டாம் என்ற அரசும் உப்பை அளந்த சனமும்: ரஷ்யா, 1918–1924

1921 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு சட்ட வரைவு ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. பணமாக வசூலிக்கும் வரிகளையெல்லாம் ரத்து செய்துவிடலாம் என்பது அதன் சாரம். ஏழை எளியவருக்குச் சலுகை காட்ட எழுதியதல்ல. வரியாக வருகிற நோட்டுக் கட்டுகள், உட்கார்ந்து எண்ணும் சிரமத்துக்குக்கூட ஈடாகாத நிலைக்கு ரூபிள் வந்துவிட்டது. பணம் இல்லாத பொருளாதாரத்துக்குள் நுழைய இன்னும் ஒரு படிதான் பாக்கி என்று பலர் நினைத்தார்கள். அந்தப் படி ஏறப்படவே இல்லை. அடுத்த மாதமே கொள்கை திரும்பியது. ஒன்பது மாதத்தில் அரசு வங்கி மறுபடி திறந்தது. இருபது மாதத்தில் அதே அரசு, தங்க எடை குறித்த நோட்டை வெளியிட ஆணை போட்டது.

சோஷலிசத்தில் பணம் தேவையா என்ற விவாதத்தை நாம் பெரும்பாலும் மேற்கோள் சண்டையாகவே நடத்துகிறோம். மார்க்ஸ் இங்கே இப்படிச் சொன்னார், லெனின் அங்கே அப்படிச் சொன்னார் என்று போகும். எனக்கு அதில் அலுப்புத்தான் மிச்சம். ஒரு பெரிய நாடு சுமார் மூன்று வருடம் இதைச் செய்தே பார்த்திருக்கிறது. என்ன நடந்தது, எந்த இடத்தில் அறுந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ரஷ்யாவில் பணம் ஒழியவில்லை. அரசு தன் பணத்தைக் கொன்றது. சனங்கள் வேறு பணத்தை வைத்துக்கொண்டார்கள்.

நோட்டு செத்த கதை

1917 புரட்சியில் ஆட்சியைப் பிடித்த கம்யூனிஸ்டுகளான போல்ஷெவிக்குகள் வரும்போதே ரூபிளுக்கு உடம்பு சரியில்லை. உலகப் போருக்கு ஜார் அரசு நோட்டடித்தே செலவு செய்தது. 1917இல் வந்த இடைக்கால அரசும் அதையே செய்தது. அதன் தலைவர் கெரென்ஸ்கி பெயரால் 'கெரென்கி' என்று அழைக்கப்பட்ட 20, 40 ரூபிள் நோட்டுகளைப் பார்த்தால் ஏதோ பாட்டிலில் ஒட்டும் லேபிள் என்றுதான் தோன்றும். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. எண் கிடையாது, கையெழுத்து கிடையாது. பெரிய தாளில் வரிசையாக அச்சடித்து வெட்டாமலே கொடுத்துவிடுவார்கள். வேண்டியதைக் கத்தரித்துக்கொள்ள வேண்டியதுதான். பழைய ஜார் நோட்டைக் கிராமத்தான் பானைக்குள் போட்டுப் புதைத்தான். கெரென்கியை வாங்கின கையோடு செலவழித்தான். இது தெரிந்த புதிய அரசு, புரட்சிக்குப் பிறகும் ஜார் கால அச்சுத் தகடுகளைத் தூக்கிப் போடவில்லை. பேரரசர் படம் போட்ட நோட்டைப் புரட்சி அரசு அச்சடித்தது! கொள்கையில் என்ன எழுதியிருந்தாலும், எந்தக் காகிதத்துக்குக் கிராமத்தில் தானியம் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1917 டிசம்பரில் தனியார் வங்கிகள் அரசுடைமை ஆயின. 1918 தொடக்கத்தில் ஜார் அரசு வாங்கிய கடன்கள், உள்நாடு வெளிநாடு இரண்டும், செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. கடன் கொடுக்க ஆள் இல்லை, வரி வசூலிக்க அலுவலகம் இல்லை, நாலா பக்கமும் உள்நாட்டுப் போர். மிச்சம் இருந்தது அச்சு இயந்திரம் ஒன்றுதான். 1919 மே மாதம் ஓர் ஆணை, நோட்டு அச்சடிப்பதற்கு இருந்த வரம்பையே எடுத்துவிட்டது. 1921 தொடங்கும்போது நோட்டடிக்கும் வேலையில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மற்ற ஆலைகளில் புகைபோக்கி குளிர்ந்து கிடந்த காலத்தில் இந்தத் தொழில் மட்டும் ஓஹோ என்று நடந்தது.

1921 ஜனவரி 1 அன்று சுற்றில் இருந்த நோட்டின் மொத்தம் 1,16,860 கோடி ரூபிள். விலைகள் 1913இல் இருந்ததைப் போல சுமார் 16,800 மடங்கு. இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு விஷயம் தெரியும்: நாட்டில் உள்ள மொத்த நோட்டையும் ஒன்றாகக் குவித்தாலும் போருக்கு முந்தைய விலையில் 7 கோடி ரூபிள் அளவுக்குத்தான் வாங்க முடியும். நோட்டை அதிகம் அடிக்க அடிக்க மொத்த நோட்டின் மதிப்பு குறைந்துகொண்டே போனது. அடித்த மறுநாளே அடுத்தவன் தலையில் கட்டிவிட வேண்டும் என்று எல்லோரும் ஓடினால் வேறு என்ன நடக்கும்? அச்சு இயந்திரம் ஒரு வரி வசூல் கருவிதான். ஆனால் சனங்கள் அந்த நோட்டைக் கையில் வைத்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே அந்த வரி விழும்.

இந்தச் சரிவை வெற்றி என்று கொண்டாடியவர்கள் இருந்தார்கள். பொருளியலாளர் ப்ரியோப்ரஜென்ஸ்கி 1920இல் காகிதப் பணம் பற்றி எழுதிய நூலை நிதித் துறையின் நோட்டு அச்சகத்துக்கே காணிக்கை ஆக்கினார். முதலாளிய அமைப்பின் முதுகில் சுட்ட இயந்திரத் துப்பாக்கி என்று அதைப் புகழ்ந்தார். இது திட்டமிட்ட கொள்கையா, போர் தள்ளிவிட்ட இடமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 1919 மார்ச்சில் ஏற்ற கட்சித் திட்டம் நிதானமாகத்தான் பேசியது: பணத்தை உடனே ஒழிக்க முடியாது, ஆனால் பணமில்லாத கணக்குத் தீர்ப்பை விரிவாக்கி ஒழிப்புக்கு வழி செய்ய வேண்டும். எனக்குப் படுவது, முதலில் விழுந்தார்கள். பிறகு குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்றார்கள். அப்புறம் விழுவதே நோக்கம் என்று நம்பவும் தொடங்கிவிட்டார்கள். மூன்றாவது கட்டம்தான் ஆபத்தானது.

புதிய நோட்டின் பெயரிலேயே இந்தத் தயக்கம் தெரியும். 1919 முதல் வெளியான சோவியத் நோட்டில் 'பணம்' என்ற சொல்லைத் தவிர்த்து 'கணக்குத் தீர்க்கும் அடையாளம்' என்ற பொருளில் அச்சிட்டார்கள். உலகத் தொழிலாளர்களே ஒன்றுபடுங்கள் என்ற முழக்கம் சீனம், அரபி உட்படப் பல மொழிகளில் அதில் இருந்தது. அதைக் கொடுத்து ஒரு ரொட்டி வாங்க முடியுமா என்பதை எந்த மொழியும் சொல்லவில்லை.

எல்லாம் இலவசம்

நோட்டு தேயத் தேய அரசு பொருளாகவே கொடுக்கத் தொடங்கியது. 1918 கோடையில் பெத்ரோகிராதில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வர்க்க வாரியான ரேஷன் வந்தது. கடின உழைப்பாளிக்கு அதிகம், முன்னாள் சொத்துக்காரருக்குப் பெயரளவுக்கு. 1919 தொடக்கத்திலிருந்து சாதாரணக் கடிதத்துக்குத் தபால் தலை தேவையில்லை. 1920 ஜனவரியில் மக்கள் வங்கி என்று பெயர் மாற்றியிருந்த அரசு வங்கியையே மூடினார்கள். அரசு ஆலைக்கும் அரசு ஆலைக்கும் நடுவில் வங்கி எதற்கு என்பது வாதம். 1920 டிசம்பரில் ஆணைமேல் ஆணை: ரேஷன் உணவுக்குக் காசு வேண்டாம், நுகர்பொருளுக்கு வேண்டாம், எரிபொருளுக்கு வேண்டாம். 1921 ஜனவரி கடைசியில் வீட்டு வாடகை, தண்ணீர், மின்சாரம். தொழிலாளியின் கூலியில் பத்தில் ஒன்பது பங்கு பொருளாகவே வந்துகொண்டிருந்தது.

தாளில் படிக்கும்போது சொர்க்கம்தான். ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். பெத்ரோகிராதில் 1917இல் 23 லட்சம் பேர் இருந்த இடத்தில் 1920இல் சுமார் 7 லட்சம் பேர்தான் இருந்தார்கள். குளிர் காய மரவீடுகளைப் பிரித்து எரித்துக்கொண்டிருந்தார்கள். எரிபொருள் இலவசம் என்று ஆணை வந்தபோது கொடுக்க எரிபொருள் இல்லை. கிடைக்காத பொருளுக்கு விலை எவ்வளவு என்பதில் யாருக்கு என்ன கவலை?

இந்த இடத்தில் மார்க்ஸைக் கொஞ்சம் கூப்பிட வேண்டியிருக்கிறது, மேற்கோள் சண்டைக்கு அல்ல. 1875இல் ஜெர்மன் சோஷலிஸ்டுகளின் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது அவர் கற்பனை செய்த முதல் கட்டத்தில் உழைப்பாளிக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும்: இத்தனை மணி உழைத்தான், பொதுச் செலவுக்குக் கழித்ததுபோக இவ்வளவு பொருள் எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சீட்டு பணம் அல்ல என்பதையும் அவர் வேறோர் இடத்தில் அழுத்திச் சொல்கிறார். ஏனென்றால் அது சுற்றாது. நாடகக் கொட்டகை டிக்கெட் மாதிரி. ஒருமுறை கொடுத்துவிட்டு உள்ளே போனால் அதன் ஆயுள் முடிந்தது. ரேஷன் கூப்பனும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இருந்ததா? கூப்பனை விற்றார்கள். செத்தவர் பெயரில் கூப்பன் வாங்கினார்கள். கூப்பனில் வாங்கிய துணியைக் கிராமத்தில் மாவாக மாற்றினார்கள். சீட்டு சுற்றாமல் இருக்க வேண்டுமானால் அதில் வரும் பொருள் சுற்றாமல் இருக்க வேண்டும். பொருள் சுற்றாமல் இருக்க வேண்டுமானால் கொடுத்தது போதுமானதாகவும் வேண்டியதாகவும் இருக்க வேண்டும். ரேஷன் அட்டை வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது தெரிந்த சங்கதி. சாப்பிடாத அரிசி எங்கே போகிறது என்று யாரும் ஆய்வு நடத்தித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

மூட்டைக்காரர்கள்

அந்த மூன்று வருடம் ரஷ்ய நகரங்களைப் பாதி உயிரோடு வைத்திருந்தவர்கள் 'மெஷோச்னிக்' எனப்பட்ட மூட்டைக்காரர்கள். முதுகில் ஒரு சாக்கு. அதில் போகும்போது சட்டை, நூல்கண்டு, வெட்டுக்கத்தி, மண்ணெண்ணெய். வரும்போது மாவு, தினை, உருளைக்கிழங்கு. ரயில் கூரையிலும் பெட்டிகளுக்கு நடுவே இணைப்புக் கொக்கியிலும் தொங்கிக்கொண்டு போனார்கள். வழியில் தடுப்புப் படை மறித்துச் சாக்கைப் பறிக்கும். பறித்ததைச் சில இடங்களில் தானே விற்கவும் செய்யும்.

இவர்களை ஊக வணிகர்கள் என்று அரசு சபித்தது. ஆனால் 1918 செப்டம்பரில், நகரம் பட்டினியில் சுருண்டபோது, மாஸ்கோவிலும் பெத்ரோகிராதிலும் தொழிலாளிகள் ஆளுக்கு ஒன்றரைப் பூடு, அதாவது 24 கிலோ சொச்சம், சொந்தமாகக் கொண்டு வரலாம் என்று சில வாரத்துக்குக் கண்ணை மூடிக்கொள்ள நேர்ந்தது. நகரத்துக்கு வந்த ரொட்டித் தானியத்தில் பாதிக்கு மேல் சட்டத்துக்குப் புறம்பான இந்த வழியில்தான் வந்தது என்பதை அன்றைய குடும்ப வரவு செலவு ஆய்வுகளே காட்டின.

ஆலைக்குள் என்ன நடந்தது என்பது இன்னும் சுவாரசியம். உலோகத் தொழிலாளி எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்யக் கரியும் இரும்பும் வரவில்லை. ஆனால் கடைசல் இயந்திரம் இருந்தது, துண்டுப் பித்தளை இருந்தது, நேரம் இருந்தது. சிகரெட் லைட்டர் செய்தான். தீப்பெட்டி கிடைக்காத நாட்டில் லைட்டருக்குக் கிராமத்தில் ஏக மதிப்பு. அரசு ஆலையில், அரசு உலோகத்தில், அரசு ரேஷன் தின்றுகொண்டு, தனக்காகச் சந்தைக்கு உற்பத்தி! திருட்டு என்று சொல்லலாம், அரசும் அப்படித்தான் சொன்னது. ஆனால் அவன் வீட்டில் மாவு வந்தது அந்த லைட்டரால்தான்.

லைட்டரை வைத்திருப்பவனுக்கு மாவு வேண்டும். மாவு வைத்திருப்பவனுக்கு லைட்டர் வேண்டாம், செருப்பு வேண்டும் என்றால் என்ன செய்வது? இங்கேதான் உப்பு வந்தது. உப்பு எல்லோருக்கும் வேண்டும், கெடாது, கைப்பிடியாகப் பிரிக்கலாம், அளக்கலாம். பல ஊர்களில் உப்பும் மாவும்தான் கணக்கு அலகு ஆயின: ஒரு பூட்ஸ் இத்தனை பூடு மாவு, ஒரு ஆடு இத்தனை ராத்தல் உப்பு. சம்பளம் என்ற சொல்லுக்கு நம் ஊரில் சம்பாவும் அளத்து உப்பும் சேர்ந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். சொல்லாராய்ச்சியாக அது சரியோ இல்லையோ, 1920இல் ரஷ்யாவில் அதை நேரில் பார்த்திருக்கலாம்.

மாஸ்கோவின் சுகரெவ்கா சந்தை இதற்கெல்லாம் தலைநகரம். பிரபுக்கள் வீட்டு வெள்ளிக்கரண்டி, ராணுவக் கிடங்குச் சப்பாத்து, கடித்துப் பார்த்துப் பாதி தின்ற சர்க்கரைக்கட்டி, எல்லாம் அங்கே கைமாறும். 1920 டிசம்பரில் அதை மூடினார்கள். அப்போது லெனின் சொன்னது கவனிக்கத்தக்கது: சதுக்கத்தில் இருந்த சுகரெவ்கா பயமில்லை, ஒவ்வொரு சிறு உடைமையாளனின் நெஞ்சுக்குள்ளும் ஒரு சுகரெவ்கா உட்கார்ந்திருக்கிறது, அதுதான் பயம் என்ற பொருளில் பேசினார். நோயைச் சரியாகத்தான் பார்த்தார். மருந்துதான் அப்போது அவரிடம் இல்லை.

எதால் அளப்பது?

அரசுக்குள்ளும் ஒரு சிக்கல். 1920இல் அரசு கணக்கில் 37,000 சொச்சம் தொழில் அமைப்புகள் இருந்தன. ஒற்றை ஆள் ஓட்டும் காற்றாலையும் அதில் சேர்த்தி. தொழில் வாரியாக மத்திய வாரியங்கள் இவற்றை நடத்தின. ஒவ்வொரு வாரியமும் கரி கேட்டது, ரயில் பெட்டி கேட்டது, மாவு கேட்டது. யாருக்கு முதலில் கொடுப்பது? டன் கரியையும் அடித் துணியையும் எந்தத் தராசில் வைப்பது?

பணம் இல்லாத தராசு ஒன்றைக் கண்டுபிடிக்க நிஜமாகவே முயன்றார்கள். பொருளியலாளர் ஸ்த்ரூமிலின் உழைப்பை அலகாக்கப் பார்த்தார்: சாதாரணத் தொழிலாளி ஒருவர் இயல்பான அளவு வேலை செய்த ஒரு நாள், ஒரு 'த்ரெத்'. செலவாகும் ஆற்றலை அலகாக்கலாம் என்றார்கள் சிலர். வேளாண் பொருளியலாளர் சயானோவ் இன்னும் துணிச்சலாக, ஒரே அலகு எதற்கு, ஒவ்வொரு பொருளையும் அதனதன் அளவிலேயே கணக்கு வைக்கலாம் என்று பட்டியல் போட்டார். இந்தத் தாள்களைப் பார்க்கும்போது கேலி செய்யத் தோன்றவில்லை. குளிரில் விறைத்த அறையில் உட்கார்ந்து, உலகம் அதுவரை செய்யாத ஒரு கணக்கை எழுதிப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் எதுவும் நடைமுறைக்கு வரவில்லை. நடந்தது வேறு: எந்தத் துறை செத்துக்கொண்டிருக்கிறதோ அதற்கு 'அவசர முன்னுரிமை'. ரயில் எஞ்சின்கள் நின்றுபோனதும் அப்போது ரயில்வேயையும் கவனித்த ட்ராட்ஸ்கியின் 1042ஆம் ஆணை வந்தது, பழுதுபார்ப்பு முந்தியது. அங்கே ஆளும் இரும்பும் போனதும் வேறு எங்கேயோ நின்றது. எல்லாம் அவசரமானால் எதுவும் அவசரமில்லை.

இதே 1920இல் வியன்னாவில் பொருளியலாளர் மிசஸ் தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார்: உற்பத்திக் கருவிகளுக்குச் சந்தை விலை இல்லையென்றால் பகுத்தறிவான கணக்கே முடியாது. பெத்ரோகிராதில் உட்கார்ந்துகொண்டே பொருளியலாளர் ப்ரூட்ஸ்குஸும் ஏறக்குறைய அதையே சொன்னார். ரஷ்யாவின் சரிவை மிசஸின் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டுவது வலதுசாரிகளுக்கு வழக்கம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. கரி விளையும் தொன்பாஸும் எண்ணெய் தரும் பாகுவும் நெடுநாள் எதிரிகள் கையில், துறைமுகங்கள் முற்றுகையில், ரயில் பாதி ஓட்டத்தில். அப்படிப்பட்ட நாட்டில் எந்தக் கணக்கு முறை இருந்தாலும் ஆலை நின்றிருக்கும். பெருந்தொழில் உற்பத்தி போருக்கு முந்தைய அளவில் ஐந்தில் ஒரு பங்காக விழுந்ததற்குக் கணக்கு அலகு இல்லாததை மட்டும் காரணம் காட்டினால் அது சோம்பேறித்தனம். கணக்குச் சிக்கல் உண்மை. ஆனால் இந்த நிகழ்வு அதைச் சுத்தமாக நிரூபிக்கவில்லை.

இந்த நிகழ்வு வேறொன்றைச் சுத்தமாகக் காட்டுகிறது. அதற்குப் போர் முடிந்த பிறகு வந்த ஆறு மாதத்தைப் பார்க்க வேண்டும். யாரும் அதிகம் பேசாத ஆறு மாதம்.

1921 கோடை: நடந்தும் மறந்துபோன சோதனை

கிராமத்திடமிருந்து அரசு தானியம் எடுத்த முறை, 1919 ஜனவரி முதல், கட்டாயக் கொள்முதல். இந்த மாகாணம் இவ்வளவு, இந்த ஊர் இவ்வளவு, இந்த வீடு இவ்வளவு என்று மேலிருந்து பிரித்து, ஆயுதக் குழு போய் எடுத்து வரும். பதிலுக்கு நோட்டு கொடுத்தார்கள்; அதன் கதையைத்தான் பார்த்தோமே. விவசாயி செய்தது எளிமையானது: விதைப்பதைக் குறைத்தான். 1920 ஆகஸ்டில் தாம்போவ் மாகாணம் கொந்தளித்தது. 1921 மார்ச்சில் க்ரோன்ஷ்தாத் கடற்படைத் தளம் அரசுக்கு எதிராக எழுந்தது. அதே மார்ச்சில் கூடிய பத்தாவது கட்சி மாநாடு கட்டாயக் கொள்முதலைக் கைவிட்டது. இனி விவசாயி பொருளாக ஒரு வரி கட்டினால் போதும், மிச்சம் அவனுடையது.

இதைத்தான் பணத்துக்குத் திரும்பிய நாள் என்று பலரும் எழுதுகிறார்கள். அப்படி அல்ல. மார்ச் மாதத் திட்டத்தில் பணம் இல்லவே இல்லை. விவசாயியின் மிச்சத் தானியத்தை அரசு தன் ஆலைப் பொருள்களுக்கு நேரடியாக மாற்றிக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கங்கள் நடுவில் நின்று கொடுத்து வாங்கும். எதற்கு எவ்வளவு என்ற மாற்று விகிதத்தை மேலே முடிவு செய்யும். பறிமுதல் இல்லை, போர் இல்லை, பணமும் இல்லை. சோஷலிசப் பரிமாற்றத்துக்கு இதைவிடச் சுத்தமான சோதனை வேறு என்ன வேண்டும்?

ஒரு கிராமக் கூட்டுறவுக் கிடங்கின் வாசலைக் கற்பனை செய்து பாருங்கள். வண்டியில் பத்துப் பூடு ரை தானியத்தோடு ஒருவர் நிற்கிறார். உள்ளே இருப்பது ஏதோ ஓர் அலுவலகம் அனுப்பிய சரக்கு: அறுவடை முடிந்த பிறகு வந்த அரிவாள், சேராத அளவுச் செருப்பு. அவருக்கு வேண்டியது ஆணியும் உப்பும். கிடங்குக்காரருக்கு விகிதப் பட்டியலைத் தாண்ட அதிகாரம் இல்லை. பட்டியலில் ஆணி உண்டு, கிடங்கில் இல்லை. அடுத்த தெருவில் ஒரு மூட்டைக்காரனிடம் ஆணி இருக்கிறது. அவன் அதற்கு நோட்டும் வாங்கிக்கொள்கிறான், தானியமும் வாங்கிக்கொள்கிறான், விலையில் பேரமும் பேசுகிறான். வண்டி எந்தப் பக்கம் திரும்பும்?

மூன்று வருடமாகத் துப்பாக்கி இருந்ததால் வண்டி திரும்ப முடியவில்லை. துப்பாக்கியை இறக்கிய உடனே திரும்பியது. இலையுதிர் காலத்துக்குள் அரசின் பண்டமாற்று சரிந்தது. 1921 அக்டோபர் கடைசியில் மாஸ்கோ கட்சி மாநாட்டில் லெனின் மூடி மறைக்காமல் ஒப்புக்கொண்டார்: பண்டமாற்றில் ஒன்றும் தேறவில்லை, தனிச் சந்தை நம்மைவிட வலுவானது, வந்தது சாதாரண வாங்கல் விற்றல்தான், இன்னும் ஒரு படி பின்வாங்கிப் பண ஓட்டத்தையும் ஒழுங்குபடுத்த வேண்டும். ஒரு வாரம் கழித்து எழுதிய கட்டுரையில்தான் அந்தப் பிரபல வரி வருகிறது: உலக அளவில் வென்ற பிறகு பெருநகரங்களில் தங்கத்தில் பொதுக் கழிப்பறை கட்டுவோம்; இப்போதைக்குத் தங்கத்தைப் பத்திரப்படுத்து, அதிக விலைக்கு விற்று, பொருளை மலிவாக வாங்கு. கழிப்பறை வரியை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்கு அடுத்த வரிதான் கொள்கை.

அந்த ஆண்டே வால்கா பகுதியில் மழை பொய்த்தது. கட்டாயக் கொள்முதலால் கையிருப்பு எதுவும் இல்லாத கிராமங்களில் பஞ்சம் விழுந்து லட்சக்கணக்கில் செத்தார்கள். பணக் கொள்கையைப் பற்றிப் பேசும்போது இதை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிடக் கூடாது.

வெள்ளை நோட்டு

1921 நவம்பர் 16 அன்று அரசு வங்கி திறந்தது. நிதித் துறையை நடத்தப் போனவர் சொகோல்நிகோவ். 1917இல் வங்கிகளை அரசுடைமை ஆக்கும் வேலையில் முன்னின்ற அதே ஆள். வங்கி நிர்வாகத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் நிக்கொலாய் குட்லர், ஜார் அரசில் வேளாண் துறையை நடத்தியவர். பணத்தை உயிர்ப்பிக்க வேண்டும் என்றதும் பழைய கைகள் தேவைப்பட்டன.

1922 அக்டோபர் 11 ஆணைப்படி வந்தது செர்வோனெட்ஸ் என்ற புதிய நோட்டு. பத்துத் தங்க ரூபிளுக்குச் சமம்; 7.74 கிராம் சுத்தத் தங்கம். வெளியிடும் நோட்டில் குறைந்தது நாலில் ஒரு பங்குக்கு விலையுயர்ந்த உலோகமும் நிலையான வெளிநாட்டுப் பணமும் வங்கியில் இருக்க வேண்டும்; மீதிக்கு விற்கக்கூடிய சரக்கும் குறுகிய கால உண்டியலும் (குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிய சீட்டு). நோட்டு ஒரே பக்கம் அச்சடித்த வெள்ளைத் தாள். முழக்கம் ஏதும் கண்ணில் படாது. ஒரு செர்வோனெட்ஸில் இத்தனை எடை தங்கம் என்று பழைய ரஷ்ய எடையில் எழுதியிருக்கும். தங்கமாக மாற்றிக்கொள்ளும் நாளைத் தனி அரசு ஆணை அறிவிக்கும் என்றும் ஒரு வரி இருக்கும். அந்த ஆணை கடைசிவரை வரவில்லை. ஆனாலும் நோட்டு நின்றது. அளவாக அச்சடித்தால் தங்கத்தைக் காட்டினால் போதும், கொடுக்க வேண்டியதில்லை.

ஒன்றரை வருடம் இரண்டு பணமும் சேர்ந்தே ஓடின. ஆலைகளும் வியாபாரிகளும் செர்வோனெட்ஸில். கிராமமும் தினக்கூலியும் பழைய நோட்டில், ஏனென்றால் செர்வோனெட்ஸ் சில்லறைச் செலவுக்குப் பெரிய தொகை. பத்து லட்சத்தை 'எலுமிச்சை' என்று தெருவில் கூப்பிட்டார்கள். ரஷ்ய மொழியில் இரண்டு சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும். காலையில் கூலி வாங்கியவள் மாலைக்குள் செலவழிக்காவிட்டால் நஷ்டம். நல்ல பணம் வந்ததன் செலவை, கெட்ட பணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தவர்கள்தான் கொடுத்தார்கள். 1924 பிப்ரவரி, மார்ச்சில் கணக்கு தீர்ந்தது: ஒரு புதிய ரூபிளுக்கு 1923 நோட்டில் 50,000, இடையில் இரண்டு முறை பூஜ்யம் வெட்டியதைச் சேர்த்தால் ஆதி சோவியத் நோட்டில் 5,000 கோடி. அந்த ஆண்டு முதல் விவசாய வரியும் பணமாகவே வசூலாயிற்று. மூன்றே வருடம் முன்பு பண வரியையே ஒழிக்க வரைவு எழுதிய நிர்வாகம்!

யாரிடம் பணம் வேண்டும்?

என் வாசிப்பு இது. சோஷலிசத்துக்குப் பணம் வேண்டுமா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. யாருக்கும் யாருக்கும் நடுவில் என்று கேட்க வேண்டும். அரசு ஆலைக்கும் அரசு ஆலைக்கும் நடுவில் நிஜமான பணம் தேவைப்படவில்லை. 1930–32 கடன் சீர்திருத்தத்துக்குப் பிறகு சோவியத் ஆலைகள் தங்களுக்குள் ரொக்கம் கொடுத்து வாங்கவே இல்லை; அரசு வங்கியின் பேரேட்டில் எண்கள் நகர்ந்தன. அந்த ரூபிளால் திட்டத்தில் இல்லாத ஒரு ஆணியைக்கூட வாங்க முடியாது. பெயர் மட்டும் ரூபிள். குணம் மார்க்ஸின் சீட்டு. ஆனால் அந்த ஆலைத் தொழிலாளிக்குக் கையில் ரொக்கம் வேண்டியிருந்தது. விரும்பினால் வாங்குவான், இல்லையென்றால் வாங்க மாட்டான். வேலை பிடிக்கவில்லையென்றால் வேறு ஊருக்குப் போவான். 'மாட்டேன்' என்று சொல்லக்கூடியவனிடம் கட்டளை செல்லாது, காசுதான் செல்லும். 1934இல் ஸ்தாலினே கட்சி மாநாட்டு மேடையில், பணம் சீக்கிரம் ஒழியும் என்று பேசுகிறவர்களை இடதுசாரி வாய்ச்சவடால் என்று திட்டினார்.

'மாட்டேன்' என்பதற்கே இடம் விடாத அரசு ஒன்று பிறகு வந்தது. 1975இல் கம்போடியாவில் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் கம்யூனிஸ்டுகள், நோட்டு அச்சடித்துத் தயாராக வைத்திருந்தும் வெளியிடவில்லை. நகரங்களைக் காலி செய்தார்கள், புனோம்பென்னில் இருந்த தேசிய வங்கிக் கட்டடத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கேயும் அரிசியும் தங்கமும்தான் மறைவில் கைமாறின. அவர்கள் விழுந்த பிறகு புதிய அரசு தன் ஊழியர்களுக்கு அரிசியாகச் சம்பளம் கொடுத்தது. 1980 மார்ச்சில்தான் அந்நாட்டுப் பணமான ரியெல் திரும்பி வந்தது.

ரஷ்ய விவசாயிக்கு 1921இல் கிடைத்த 'மாட்டேன்' எட்டு, ஒன்பது வருடம்தான் நீடித்தது. நிலம் கூட்டுப்பண்ணைக்குள் போனதும் ஸ்த்ரூமிலின் தேடிய அலகுக்கு ஓர் உறவுக்காரன் கிராமத்தில் பிறந்தான்: 'த்ருதொதென்', உழைப்பு நாள். வயலில் ஒரு நாள் வேலைக்கு நோட்டுப் புத்தகத்தில் ஒரு குறி. அரசுக்கான பங்கு, விதை, டிராக்டர் ஓட்டித் தந்த அரசு இயந்திர நிலையத்துக்கான கட்டணம் எல்லாம் போக மிஞ்சிய தானியத்தை ஆண்டு முடிவில் குறிகளின் எண்ணிக்கைப்படி பிரிப்பார்கள். மிஞ்சாத ஆண்டில் குறி மட்டும் மிஞ்சும். வரி மட்டும் ரொக்கமாகக் கட்ட வேண்டியிருந்ததால், வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்து முட்டைக்கோசையும் பாலையும் 1932இல் அனுமதித்த கூட்டுப்பண்ணைச் சந்தையில் விற்று ரூபிள் பார்த்தார்கள். கூட்டுப்பண்ணைக்காரருக்கு உறுதி செய்த பணச் சம்பளம் வந்தது 1966இல்.